நாடாளுமன்றத்தில் செத்துப்போன அஞ்சலை

என் மகளுக்கு நான் ஒரு நாள்கூட விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததில்லை. காய்ச்சல் என்றால் அவள் அம்மாதான் எழுதுவாள். இத்தனை வருஷம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவருக்கு நாலு வரி எழுத வராதா என்று வகுப்பாசிரியை ஒருமுறை கேட்டாராம். வரும். அதுதான் பயம்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு செக்ரோல் புத்தகத்தில் ஒரு கோடு போடுவது என் வேலை. (இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான்.) மற்ற நேரங்களில் நான் எதிர்க்கட்சி.

அப்போது நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் தமிழர் ஒருவர் இருந்தார். தோட்டப் பள்ளிகளின் ஒழுகும் கூரை, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு திண்டாடுகிறவர்கள், லயத்து வீடுகளின் குழாயில் வராத தண்ணீர் என்று எந்த விவாதத்திலும் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அவர் பேச்சு வந்த பத்திரிகை தானா ராத்தா டவுனிலிருந்து ஒரு நாள் தாமதமாக எங்கள் தோட்டத்துக் கடைக்கு வரும். நான் ஒரு பிஸ்கட் டின்மேல் ஏறி நின்று, குரலை ஏற்றி இறக்கி, எல்லாருக்கும் படித்துக் காட்டுவேன். அவரைப் போலவே தலையைப் பின்பக்கமாகச் சீவிக்கொண்டேன். ஆறு மாதத்தில் அமைச்சரவையே என்னைக் கண்டு நடுங்குவதாக எனக்குள் ஓர் எண்ணம் வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடையாது. கொழுந்து மூட்டை ஏற்றும் லாரிதான். இதைப் பற்றிப் பேசச் சொல்லி அவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஓர் அஞ்சலட்டை பதிலாக வந்தது. பொதுவாகப் பேசினால் யார், எங்கே, எப்போது என்று அமைச்சர் கேட்பார். ஒரு பெயர் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது என்று எழுதியிருந்தார்.

அடுத்த மாதமே பெயர் கிடைத்தது. அஞ்சலை அக்கா. ஐம்பதை நெருங்கிய, தனியாக வாழ்ந்த கொழுந்து பறிப்பவர். கங்காணியே பயப்படும் வாய். ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலை நிரையிலேயே விழுந்துவிட்டார். தோட்டத்து மருந்தக டிரெஸ்சர் வந்து நாடியைப் பார்த்து, “தாங்காதுப்பா” என்று மெதுவாகச் சொன்னார். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் தூக்கி லாரியில் மூட்டைகளின்மேல் படுக்கவைத்தார்கள்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அந்த வாரம் சுகாதார அமைச்சின் மீது விவாதம். தோட்டத்துத் தபால் இனி மூன்று நாள் கழித்துத்தான் போகும். சாகப் போகிறவர்தானே, இரண்டு மணி நேரம் முந்தி எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதினேன். தண்ணீர்ப் பம்பு வீட்டு வளைவில் லாரி நின்றுவிட்டது என்று எழுதினேன். அவர் சுடுதண்ணீர் கேட்டார் என்று எழுதினேன். ஒற்றைச் செருப்பு பாதையில் விழுந்து கிடந்தது என்றும், வண்டி கிளம்புவதற்குள் உயிர் போய்விட்டது என்றும் முடித்தேன். (அந்தச் செருப்பில் எனக்கு ரொம்பப் பெருமை. இரண்டு முறை வாசித்துப் பார்த்துக் கண் கலங்கினேன்.) ‘ஒரு தொழிலாளி’ என்று கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டிக்கொண்டு லாரிக்கு ஓடிவந்தேன்.

டிரைவர் முனியாண்டி அண்ணனின் சட்டைப் பை கிழிந்திருந்தது. கடிதத்தை வாங்கிப் பின்பக்கம் போய், “அக்கா, இத புடிச்சுக்குங்க. டவுன்ல போட்டுடலாம்” என்று அஞ்சலை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். அவர் அதை நெஞ்சின்மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லாரியின் சிவப்பு விளக்கு பனிக்குள் போய் மறைந்தது. தன் சாவுச் செய்தியைத் தானே தபாலில் சேர்க்க ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். நான் கைகட்டி நின்று பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அவர் தையல் போட்ட வயிற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “ஒன் கடுதாசிய பத்திரமா கொண்டு சேத்துட்டேன் தம்பி. கசங்கக்கூட இல்ல.”

உடனே இன்னொரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. விவாதம் முடிந்திருக்கும், எதிர்க்கட்சி உறுப்பினர் என் கடிதத்தைப் படித்திருக்கவே மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுகாதார அமைச்சின் முறை தள்ளிப்போயிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வழக்கம்போல் பிஸ்கட் டின்மேல் ஏறினேன். தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை; என் குரலில் எனக்கு அவ்வளவு மயக்கம். பம்பு வீட்டு வளைவு வந்தபோது எங்கோ கேட்டதுபோல இருந்தது. சுடுதண்ணீர் வந்தது. செருப்பு வந்தது. நிறுத்த முடியாமல் பெயரையும் படித்துவிட்டேன்.

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை அக்கா கூடையோடு நடுவில் நின்றிருந்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“செருப்பு ரெண்டும் இருக்குதே தம்பி” என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளிப்போனார்கள். ஏன் தள்ளினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் கம்போங் ராஜாவிலிருந்து அவருடைய அக்கா வெள்ளைத் துணியும் மாலையுமாகப் பனிக்குள் அழுதுகொண்டே வந்தார். யார் வீட்டில் இழவு என்று கேட்க வெளியே வந்தவர் அஞ்சலை அக்கா. இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதார்கள்.

பத்திரிகையின் கடைசிப் பத்தியில் அமைச்சரின் பதில் இருந்தது. அதிகாரிகள் விசாரிப்பார்கள், செய்தி உண்மையென்றால் அந்தப் பாதையிலுள்ள தோட்டங்களுக்கு ஓர் ஆம்புலன்ஸ் தரப்படும். அதைப் படித்ததும் லயம் முழுவதும் அஞ்சலை அக்காவின் வாசலில் கூடிவிட்டது. நான் பின்வரிசையில் ஒளிந்து நின்றேன். அவர் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார்.

“செத்தாத்தான் வண்டி வரும்னா ரெண்டு நாளைக்கு செத்துக் கெடக்கறேன் லா. ஆனா வேலைக்குப் போவேன். வீட்டுல அடைஞ்சு கெடக்க முடியாது.”

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். மலாய் நன்றாகத் தெரிந்தவன் என்று தோட்ட நிர்வாகியான துரை என்னையே கூட அனுப்பினார். மேல் மலையில் நாற்பது பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. அஞ்சலையைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்று இளைய அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது பனி சற்று விலகியது. இரண்டு நிரை தள்ளி ஒரு பெண் அசையாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது யார்?” என்றார் அதிகாரி.

முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்க? ஒருத்தரும் இல்லியே” என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசையாக எல்லாரும், ஒரே முகத்தோடு, ஒரே குரலில். அதிகாரி கடைசியாக என்னைப் பார்த்தார். யாருமில்லை என்று நானும் மலாயில் சொன்னேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் உண்மையாகவே யாரும் இல்லை. பனி மட்டும் இருந்தது. அந்த ஒரு கணம், என் கடிதத்தில் இருந்ததுதான் நிஜம், ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது வேறு ஏதோ என்று நான் நம்பினேன்.

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே கேட்காமல் ஆபீசுக்குத் திரும்பினார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்றே நினைத்தேன். புறப்படும் முன் வழக்கத்துக்காக செக்ரோல் புத்தகத்தைக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். (அவ்வளவு புத்திசாலி.)

அஞ்சலை என்ற பெயருக்கு நேரே, ஊர் திரும்பி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, அழகான கோடுகள். அன்று காலையில் போட்டதும் இருந்தது. அவர் பெரட்டில் “இருக்கேன்” என்றதும் என் கை தானாகப் போட்ட கோடு. அதிகாரி அதன்மேல் விரலை வைத்து, இந்தத் தோட்டத்தில் செத்தவர்களும் வேலைக்கு வருகிறார்களா என்று அமைதியாகக் கேட்டார். நான் சொன்ன பதிலை இன்றுவரை என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்: “இன்று பனி அதிகம், துவான்.”

எதிர்க்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து தான் சொன்னதைத் திருத்திக்கொண்டார். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார், அதில் எனக்கு மகிழ்ச்சி, தவறு என்னுடையது, ஆனால் லாரி அதே லாரிதான் என்றாராம். எதிர்வரிசையில் சிரித்தார்களாம். இந்தச் செய்தியை நான் டின்மேல் ஏறிப் படிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தோட்டத்து நோயாளிகளைப் பற்றி வாயைத் திறந்தாலே, இவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாராவது கேட்பார்களாம். ஆம்புலன்ஸ் பேச்சு அதோடு போயிற்று. என் பழைய கடிதங்களின் கையெழுத்து தெரிந்திருந்தும், கடிதம் எழுதியவன் யாரென்று அவர் சொல்லவேயில்லை. துரை விசாரித்தபோது நாற்பது பெண்களும், அதே முகத்தோடு, தெரியாது என்றார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. மத்தியானம் மூன்று மணி. பனி. வண்டி கிடையாது, யாரால் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அதே கொழுந்து லாரி, அதே முனியாண்டி அண்ணன். துணைக்கு ஏறிக்கொண்டவர் அஞ்சலை அக்கா. “அந்த வழியில நான் ஒரு தடவ போய்ட்டு வந்தவ” என்றார்.

பம்பு வீட்டு வளைவில் லாரி நின்றது.

முனியாண்டி அண்ணன் இறங்கி என்ஜின் மூடியைத் திறந்தார். பின்னாலிருந்து என் மனைவி சுடுதண்ணீர் கேட்டாள். பம்பு வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கலாம் என்று குதித்து இறங்கினேன். என் காலடியில், ஈரத் தாரில், அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

என்னால் நகர முடியவில்லை. வரிக்கு வரி நான் எழுதியதுதான். இன்னும் ஒரு வரிதான் பாக்கி. பனிக்குள்ளிருந்து அஞ்சலை அக்காவின் குரல் மட்டும் வந்தது.

“தம்பி, அந்தக் கடுதாசில அடுத்து என்னா எழுதுன?”

நான் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பொய்னுதானே பார்லிமெண்டுலயே சொல்லிட்டாங்க. அப்பறம் ஏன் நிக்கிற? போய் சுடுதண்ணி கொண்டா.”

போனேன். வாளியோடு திரும்பி வருவதற்குள் குழந்தையின் அழுகை கேட்டது. நாடாளுமன்றத்தில் செத்துப்போனவரின் கையில்தான் என் மகள் பிறந்தாள். மறுநாள் அந்தச் செருப்பைத் தேடிப் போனேன். வளைவு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது என் மகள் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நான் வாசலுக்கும் அறைக்கும் நடக்கத் தொடங்கிவிடுவேன். வாயால் எதுவும் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். அதனால் தினமும் காலையில் வாசல்படி இறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கேலி ஒன்று உண்டு: “வந்துட்டேன்னு இப்பவே எழுதி வெச்சிடுங்கப்பா.” அவள் அம்மா உள்ளேயிருந்து சிரிப்பாள்.

மணி நாலாகிவிட்டது. சன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

எழுதிவிடுகிறேன். வந்துவிட்டாள்.