மேல்மூடியும் வீட்டு மெக்கானிக்கும்

வாசகரே, உலகத்தில் மெக்கானிக்குகள் இரண்டு வகை. ஒருவர் பட்டறையில் இருப்பார். அவருக்கு வேலை தெரியும். இன்னொருவர் வீட்டிலேயே இருப்பார். அவருக்கு வேலையைப் பற்றி எல்லாம் தெரியும்.

இரண்டாமவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு கேட்காது. "பட்டறைக்காரன் என்ன வானத்துலேருந்தா குதிச்சான்?" என்பார். சொல்லும்போதே கை ஸ்பேனரைத் தேடும்.

எனக்குத் தெரிந்த இப்படி ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தம் ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலைத் தாமே மாற்றுவது என்று தீர்மானித்தார். அன்று மூன்று மணிக்கு அதே காரில் அவர் மகளுக்கு டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்ட பெண். லைசென்ஸ் கையில் இருந்தால்தான் திங்களன்று வேலையில் சேர்த்துக்கொள்வார்கள்.

"புது ஆயில்ல வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும்டா கண்ணு. கண்ணை மூடிட்டே பாஸ் பண்ணிடலாம்."

"நான் கண்ணைத் திறந்துட்டே ஓட்டிக்கறேன்ப்பா. வண்டியை விட்டுடுங்க."

விடுவாரா?

பாதுகாப்பில் அவரை அசைக்க முடியாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, அந்தச் செங்கலுக்கு முட்டாக இன்னொரு செங்கல் வைத்து, ஜாக்கியை நம்பாமல் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சூடான ஆயில் ஆளைப் பொசுக்கிவிடும் என்று அது ஆறும்வரை காத்திருந்து, கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் சகிதம், மனைவியை மணல் வாளியோடு பக்கத்தில் நிறுத்தினார்.

"எதுக்குங்க மணல்?"

"தீப்பிடிச்சா கொட்டு."

"முதல்ல வண்டி மேலயா, உங்க மேலயா?"

அதற்குள் அவர் அடியில் நுழைந்துவிட்டார். கீழ்ப் போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த ஆயில் கடைசிச் சொட்டுவரை தட்டில் வடிந்தது. "இவ்வளவுதான் வேலை!" என்றார். போல்ட்டைப் பூட்டிவிட்டு, புது ஆயில் ஊற்றும் மேல்மூடியைத் திருகினார்.

அசையவில்லை. தட்டினார். தொங்கினார். கெஞ்சினார். மூடியின் முனை மழுங்கியதுதான் மிச்சம். ஆயில் இல்லாமல் வண்டியும் நகராது. மணி இரண்டு. மகள் வாசற்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனைப் பட்டறைக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"மேல திறக்குதான்னு பார்த்துட்டு இல்ல சார் கீழ திறப்பாங்க?"

"எல்லாத்தையும் பாதுகாப்பாப் பண்ணேனேப்பா!"

"பாதுகாப்புக்கு என்ன சார் குறைச்சல்? இனி இந்த வண்டி யாரையும் இடிக்காது."

அப்போதுதான் மனைவி ஒரு சாவியை மகளிடம் நீட்டினாள். "மாடிவீட்டு அக்காவோட வண்டிடி. இதுவும் ஆட்டோமேட்டிக்தான். அப்பா செங்கல் தேட ஆரம்பிச்சப்பவே கேட்டு வச்சுட்டேன். அக்கா கூட வர்றாங்க, கிளம்பு."

மகள் பாஸ். திரும்பி வந்தவளை அப்பா கட்டிக்கொண்டார், கண்கூடக் கலங்கியது. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு, "அக்கா வண்டியில பிரேக் லேசாக் கத்துதேம்மா? சாவியைக் கொடு, ஒரே நிமிஷம்" என்றார்.

மகள் சாவியோடு மாடிக்கு ஓடியே போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: 'அந்த மூடிக்குக் கொஞ்சம் சூடு காட்டியிருந்தா திறந்திருக்கும்' என்று சற்றுமுன் முணுமுணுத்தது யார்?