ஒன்றையும் தொடாத உதவியாளர்

முரசுமோட்டை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

தூரத்தில் இருந்தாலும் எங்கள் வாயில் தினமும் அடிபடும் அன்பு மருமகன் சிவகரனுக்கு,

மாமா அப்புத்துரை எழுதிக்கொள்வது. நானும் மாமி ஜெகதீஸ்வரியும் பசுவும் கன்றும் சுகம். நெல் மட்டும் சுகமில்லை. காரணத்தைக் கீழே காண்க. கனடாப் பனிக்குள் நீரும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறோம்.

நீர் ஆவணியில் வந்து நின்றபோது என் போனில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டுவிட்டுப் போனீர். வட்ஸ்அப், படங்கள், நாட்காட்டி எல்லாவற்றுக்குள்ளும் அது போகும் என்றதும் நான் வேண்டாம் என்றேன். "மாமா, உது வாசிக்க மட்டுந்தான். ஒண்டையும் அழிக்காது, மாத்தாது. ஆருக்கும் ஏதும் அனுப்புறதெண்டால் உங்களைக் கேக்கும். வாசிக்கிறதுக்குக் கேக்கத் தேவையில்லையெண்டு விட்டிருக்கிறன். இல்லாட்டி ஒவ்வொருக்காலும் உங்களுக்குக் கரைச்சல்" என்றீர். வாசிப்பதால் என்ன குடியா முழுகும் என்று நானும் தலையாட்டினேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு காலமும் ஊரில் நான் பார்க்கிற வேலையும் அதுதானே! ஆர் வீட்டிலும் ஒரு தும்பைத் தொட்டதில்லை. பார்ப்பேன், கேட்பேன், பிறகு கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். அதனால் குழம்பின கலியாணங்களை நீர் அறிவீர்.

இப்போது என் நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. ஞாயிறு பெருமழையாம். அதற்குள் வெட்டாவிட்டால் வயலிலேயே முளைக்கும். நேற்று வெட்டு மெசின்கார வீரபாகு சனிக்கிழமை வெட்டுக்குப் பேச வந்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். இந்தக் காலத்தில் எல்லாரும் செய்வதுபோல நானும் அவரிடமும் மற்ற மெசின்காரன் ஆண்டியப்பனிடமும் 'உங்களைத்தான் நம்பியிருக்கிறன்' என்று தனித்தனியே சொல்லி வைத்திருந்தேன். ஒருவர் வராவிட்டால் மற்றவர். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. போனை மேசையில் வைத்து, "அண்ணை, என்னெண்டாலும் கேளுங்கோ, தமிழில பதில் சொல்லும்" என்றேன்.

மனுசன் மழையைப் பற்றிக் கேட்கும் என்று நினைத்தேன். அவர் குனிந்து, "தம்பி, என்ர மெசினைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார்.

அது கொஞ்சமும் கூசாமல், செய்தி வாசிப்பவர் மாதிரித் தொடங்கியது. "வீரபாகு வெட்டிய வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லை மயில்கள் ஒரு வருடம் இருந்து சாப்பிடலாம் என்று அப்புத்துரை ஐயா குரல்பதிவில் கூறியுள்ளார். அதே சனிக்கிழமைக்கு ஆண்டியப்பனின் மெசினையும் கேட்டுள்ளார். வேறு ஏதாவது அறிய விரும்புகிறீர்களா?"

தோளில் கிடந்த துவாயை எடுத்துப் போனுக்கு மேல் போட்டேன். துவாய்க்குள் இருந்தும் கதைத்தது. குசினி அடுப்படியில் மாமி சிரித்த சத்தம் ஏ-ஒன்பது வீதிவரை கேட்டிருக்கும். வீரபாகு பிளேன்ரீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துப்போட்டு எழும்பினார்.

"நீங்கள் அரிவாளால வெட்டுங்கோ அப்புத்துரை. ஒரு மணியும் சிந்தாது."

பொழுதுபடுவதற்குள் கதை ஆண்டியப்பனுக்கும் போய்விட்டது. அவரும் வரமாட்டாராம்.

ஆகையால் மருமகன், இதைக் கண்டவுடன் கனடாவில் இருந்தே உம்மட உதவியாளரைக் கட்டிப்போடும். அனுப்புவதற்கு மட்டுமில்லை, வாசிப்பதற்கும் அது என்னைக் கேட்க வேண்டும். மழையையும் நாட்காட்டியையும் வேண்டுமட்டும் வாசிக்கட்டும், வட்ஸ்அப்புக்குப் பூட்டு. என் குரலைத் தவிர வேறு ஆர் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. போனில் தட்டினால் இதையும் வாசித்துவிடும் என்ற பயத்தில் பேனையால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் செந்தூரனின் போனில் படமெடுத்துத்தான் அனுப்புவேன்.

பிள்ளையார் உம்மையும் உம்மட வேலையையும் காக்கட்டும். அவருக்கு மிச்ச நேரம் இருந்தால் என் நெல்லையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஊரில் முகம் காட்ட முடியாத மாமா,
அப்புத்துரை

பி.கு.: பேனையை மூடும்போது வாசல் படலையில் வீரபாகுவின் மோட்டார் சைக்கிள். நாளைக்கு முதல் வயலாக என்னுடையதையே வெட்டுவாராம். ஒரே நிபந்தனை: ஆண்டியப்பன் தன்னைப் பற்றி எனக்கு என்னென்ன சொன்னான் என்று போனிடம் ஆற அமர இருந்து கேட்க வேண்டுமாம். ஆகவே நெல் வீடு வந்து சேரும்வரை மேலே சொன்ன ஒன்றையும் பூட்ட வேண்டாம். ஜெகதீஸ்வரி கேட்டால் மட்டும் அது வாய் திறக்காமல் இருக்க ஒரு வழி இருந்தால், அதை நீர் இன்றைக்கே செய்யும்.