அமாவாசைக்கு அமாவாசை ஒரு நம்பர்

யாருமே திருட நினைக்காத பொருளுக்கு இந்தியாவிலேயே பலமான பூட்டைப் போட்டவர், திருப்பதியில் ஒரு லாட்ஜ் மாடியில் தனியாக இருந்த பூட்டு சார்தான். எண்பதுகளின் கடைசியில், நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த சித்தூர் வெல்ல மண்டிக்கு அவர் ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தார். அதை எவனாவது பிளாப்பியில் காப்பியடித்து ஊரெல்லாம் விற்றுவிடுவான் என்ற பயத்தில் மனிதருக்குத் தூக்கமே கிடையாது.

அதனால் மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு முந்தின சாயங்காலம், ப்ரோக்ராம் தானாகப் பூட்டிக்கொள்ளும். திரையில் ஒரு நீள நம்பர் வரும். அமாவாசையன்று மண்டிக்கு லீவு. நான் அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏற வேண்டும். சார் அதைக் கூட்டிப் பெருக்கி, பூட்டைத் திறக்கும் நம்பரை எழுதித் தருவார். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"போன்ல எவனாவது ஒட்டுக் கேட்டுக்கினு இருப்பான்பா. நீ நேர்ல வா."

நானோ மிஷன் கோயில் கிறிஸ்தவன். போதாக்குறைக்கு முதலாளி ஒவ்வொரு முறையும் லட்டு வாங்கி வரச் சொல்வார். ஒருநாள் கையில் லட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கியவனைப் பாஸ்டர் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறக்கப் போய்வந்தேன் என்று விளக்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெயரைச் சொல்லித் தனி ஜெபமே நடந்தது.

நம்பர் போடுவது ஒரு நிமிட வேலை. சார் அதற்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். உளவாளிகளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார், பென்சிலைச் சீவுவார், பிறகு மண்டிக் கதையெல்லாம் கேட்பார். நான் போவதற்கு முன்பே இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருப்பார். அந்த ப்ரோக்ராமை வேறு யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். உங்கள் மண்டி மட்டும்தான் என்றார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மெட்ராசிலிருந்து வந்த மெக்கானிக், டீ ஆறுவதற்குள் அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். இனித் திருப்பதிக்கு அலைய வேண்டாம் என்று முதலாளிக்கு ஏக குஷி. எனக்குத்தான் மனசே சரியில்லை. இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு அந்த மாடியில் ஒருவர் படிச்சத்தத்துக்குக் காத்திருப்பாரே என்று இருந்தது.

அமாவாசை வந்ததும், மனசில் தோன்றிய ஒரு நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். சார் ஜன்னலைச் சாத்தினார். பென்சிலைச் சீவினார். சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நம்பர் என் ப்ரோக்ராம்ல வராதேப்பா," என்றார் மெதுவாக.

பூட்டு உடைந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வழக்கம்போலக் கூட்டினார், பெருக்கினார், ஒரு நம்பரை எழுதி நீட்டினார்.

"சோறு ஆறிக்கினு இருக்குது, துன்னலாம் வா. அடுத்த அமாவாசைக்கும் ஒரு நம்பர் எழுதிக்கினு வந்துடு."

அவர் இருந்தவரை எழுதிக்கொண்டு போனேன். எந்தப் பூட்டையும் திறக்காத அவருடைய நம்பர்கள் எல்லாம் என் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கின்றன.