காலிங்பெல் சாரும் கோடிக்கணக்கான விருந்தாளிகளும்

விந்தணுவை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் காலிங்பெல் சார்தான். பொள்ளாச்சிக்காரர் என்பதால் எல்லோருக்குமே 'ங்க' போடுவார். ஆனால் எங்களுக்குப் போட்டது பழக்கத்தில், அவர்களுக்குப் போட்டது பக்தியில்.

டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு அவர். கல்யாணமாகாதவர். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. விந்தணுவின் மேற்பரப்பில் இருக்கும் ரிசெப்டர்கள் என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய வேலை. "சார் எந்தத் துறை?" என்று புதிதாகக் குடிவந்த பெண்மணிகள் கேட்டால் நாங்கள் "உயிரியல்" என்று சொல்லிவிட்டு உடனே கத்தரிக்காய் விலைக்குத் தாவிவிடுவோம். அவரையே கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள்.

"செல்லோட வெளிச்சுவர்ல காலிங்பெல் இருக்குதுங்க. அதுதான் ரிசெப்டர். அதுக்குன்னு உள்ள ஆளு வந்து அமுக்கோணும். அமுக்கினா உள்ளே வேலை நடக்கும். வேற ஆளு வந்து என்ன குதிச்சாலும் நடக்காதுங்க" என்பார். வாயால் சொன்னால் எங்கள் மண்டையில் ஏறாது என்று தெரிந்து தன் வீட்டு வாசலிலேயே மூன்று காலிங்பெல் மாட்டினார். நீலம் பால்காரருக்கு, சிவப்பு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு, வெள்ளை நண்பர்களுக்கு.

முதல்முறை தெரியாமல் நீலத்தை அமுக்கிவிட்டேன். பால் பாத்திரத்தோடு கதவைத் திறந்தார்.

"பாலுங்களா?"

"இல்ல சார், சும்மா பேசலாம்னு..."

"அப்ப வெள்ளையை அமுக்குங்க தம்பி. நான் இப்பப் பாலுக்குத் தயாரா நிக்கிறேன், பேச்சுக்கு இல்ல." கதவு சாத்தப்பட்டது. வெள்ளையை அமுக்கினேன். "அட வாங்க, வாங்க!" என்று என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் வரவேற்றார்.

ஒரு பொங்கல் விழாவில் அவரை ஐந்து நிமிடம் பேசச் சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. குழந்தைகளின் கோலாட்டம் முடிந்து மைக் அவர் கைக்குப் போனது. "மூக்குல வாசனை புடிக்குதில்லைங்களா, அந்த மாதிரி ரிசெப்டருங்க அவீங்க மேலயும் இருக்குதுங்க. கண்ணாடித் தட்டுல லில்லிப்பூ வாசனை உள்ள ஒரு ரசாயனத்தை வெச்சுப் பார்த்திருக்காங்க. அவீங்க அந்தப் பக்கமாவே நீந்திப் போறாங்க" என்றார். 'அவீங்க' என்றால் விந்தணுக்கள் என்று புரிந்ததும் விழாத் தலைவர் இருமினார். முன்வரிசை, கோலாட்டக் குச்சிகளைப் பொறுக்குகிற சாக்கில் எழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் மாடிப்படியில் இறங்கியபோது மூச்சு முட்டியது. எல்லா ஆண்களும் லில்லி சென்ட்டில் குளித்திருந்தார்கள். இதில் பிள்ளை குட்டி பெற்று ஓய்வு பெறப் போகிறவர்களும் அடக்கம். நான் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தேன்.

காலிங்பெல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சட்டைக்கு அடிச்சா உள்ளே இருக்கிற அவீங்களுக்கு எப்படிங்க தெரியும்? அதுவும் அது தட்டுல பண்ணின சோதனை. உடம்புக்குள்ள அப்படித்தான் நடக்குதான்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லலீங்க!" என்று கத்தியவர் என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "தம்பி, உங்க மேலதான் ஜாஸ்தி அடிக்குது. குழந்தைக்குப் பார்க்கிறீங்களா?"

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி என் மனைவி சுதாவிடம்தான் கேட்கப்படும். ஊசி, மாத்திரை, ஸ்கேன், விரதம் எல்லாம் அவளுக்குத்தான். அவளும் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். எனக்கு வெளியே கேட்கும்.

"அம்மிணிக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, சரி. உங்களுக்கு எடுத்தாச்சுங்களா?" என்றார் அவர். பின்னால் காய்கறிப் பையோடு நின்ற சுதா திருநெல்வேலிக் குரலில் சொன்னாள்: "நல்லா கேளுங்க அண்ணாச்சி. நான் இத்தன வருசமா கேக்கணும்னு நெனச்சத நீங்க கேட்டுட்டிய."

அந்த வாரமே பரிசோதனை. சாம்பிளை வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஜனக்புரி கிளினிக்கில் சேர்க்க வேண்டும். டப்பியை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு ஜனவரிப் பனிமூட்டத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். ரிப்போர்ட் வந்தது. அநேகமாக எதுவுமே நகரவில்லை என்று எழுதியிருந்தது. சுதா அழவில்லை. சாதத்தைத் தட்டில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அவசரத்தில் சிவப்பை அமுக்கிவிட்டேன். காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும், முதன்முறையாகத் தன் சட்டத்தை மீறி, சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு ரிப்போர்ட்டை வாங்கினார்.

"அவீங்களை எப்படிங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"ஸ்கூட்டர் டிக்கியில."

"டெல்லி ஜனவரியில! டிக்கியில!" அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "நீங்க மட்டும் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. அவீங்க வெறும் உடம்போட! குளிர்ல விறைச்சுப் போனா எப்படிங்க நகருவாங்க? முட்டையைச் சுத்தி இருக்கிற செல்லுங்க ஒரு ஹார்மோனை அனுப்பும். அது பட்டதும் அவீங்க வால்ல ஒரு வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாயும், வாலு சாட்டை மாதிரி வீசும். அத்தனை ஏற்பாட்டோட பொறந்தவங்களை நீங்க ஐஸ் பெட்டியில வெச்சுட்டு, நடக்கலைன்னு குறை சொல்றீங்க. மறுபடி எடுக்கோணும். நான் கூட வர்றேன்."

டாக்டர் சொன்ன இடைவெளிக்குப் பின் மறுபடி எடுத்தோம். அன்றும் ரோடு தெரியாத பனி. டப்பியை என் பனியனுக்குள் அக்குளில் வைத்து, கையை இறுக்கி, மேலே ஸ்வெட்டர் மாட்டி, அதற்குமேல் சுதாவின் சால்வையைச் சுற்றி என்னைத் தயார் செய்தார். "மெட்ரோவில போயிரலாம். கையை மட்டும் தூக்கிராதீங்க" என்றார்.

மெட்ரோ வாசலில் சோதனைக்காரர் சொன்ன முதல் வார்த்தையே, "ஹாத் ஊபர்!"

நான் கையைத் தூக்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "ஜல்தி கரோ பையா" என்று ஒருவர் அவசரப்படுத்தி என் முதுகில் இடித்தார். நான் அக்குளை இன்னும் இறுக்கினேன். சோதனைக்காரரின் கை துப்பாக்கிப் பக்கம் போனது.

காலிங்பெல் சார் குறுக்கே பாய்ந்தார். "பையா! அந்தர் மெஹ்மான் ஹை!" விருந்தாளிகள் உள்ளே இருக்கிறார்களாம்.

"மெஹ்மான்? கித்னே?"

"கரோடோன் மேங்!" என்றார் பெருமையாக. கோடிக்கணக்கில்.

சோதனைக்காரர் விசிலை எடுத்தார். அதற்குள் அவருடைய மேலதிகாரியான நரைத்த மீசைக்காரர் வந்து மெதுவாக விசாரித்தார். சார் அவர் காதில் ஏதோ சொன்னார், கையை வால்போல ஆட்டிக் காட்டினார். மீசைக்காரர் சால்வை மூடிய என் அக்குளை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் கனிந்தது. "அச்சா, அச்சா. மேரே பேட்டே கா பீ யஹீ சல் ரஹா ஹை," என்றார். அவர் மகனுக்கும் இதே கதைதானாம். "ஜல்தி ஜாயியே!" என்று வரிசையை விலக்கி வழிவிட்டார்.

ரயில் முழுக்க சார் என் அக்குளைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க, பொறுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையாட்டினேன்.

இந்தமுறை நகர்ந்தார்கள். பிரமாதமாக இல்லை, ஆனால் நகர்ந்தார்கள். எங்கள் இருவருக்குமே சின்னச் சின்ன சிகிச்சை போதும் என்றார் டாக்டரம்மா. சுதா அன்றுதான் அழுதாள். குழாயைத் திறக்காமல், என் முன்னாலேயே அழுதாள்.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தொட்டிலைக் குனிந்து பார்த்து, "வந்துட்டீங்களா? ரொம்பச் சிரமப்பட்டீங்க" என்றார். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

அடுத்த வாரம் அவர் வாசலில் நான்காவதாக ஒரு மஞ்சள் பெல். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். "இத்னா நீச்சே? குத்தே கே லியே?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு, நாய்க்கு இல்லை என்று அவரை ஒரு முறை முறைத்திருக்கிறார். அதை அமுக்கினால் என்ன செய்வார் என்று கேட்டேன். "அமுக்கட்டும், அப்பப் பாருங்க" என்றார். எங்கள் மகள் அப்போது குப்புறப் படுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. பிறகு அவள் அதை அமுக்கியபோதெல்லாம் நான் ஆபீசில் இருந்ததால், அந்தக் கதவு திறப்பதை நான் பார்த்ததே இல்லை.

போன வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றையும் இங்கேயே விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

இந்தக் கோடை விடுமுறையில் பொள்ளாச்சிக்குப் போனோம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்த வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு முழ உயரத்திலிருந்த மஞ்சளை அமுக்கினாள். உள்ளே எதுவோ கீழே விழுந்து உடைந்தது. செருப்பு தடதடக்க யாரோ ஓடி வந்தார்கள். கதவு திறந்தது. அவர் கையில் பால் பாத்திரம் இல்லை, சிலிண்டர் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.