சம்பந்தி கொடுத்த சேவல் விஷயமாக

முத்துமாரி நகர்,
விருத்தாசலம்.

நல்லூரில் இருக்கும் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. கோவிந்தராசு அவர்கள் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்த கொளஞ்சிநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டில் பானுமதி, நிறைமாதமாக இருக்கும் தங்கள் மருமகள் வேல்விழி, மூவரும் சுகம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை பாரி, மாடு கன்றுகள் எல்லாம் சுகமாக இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டுகிறேன். தாங்கள் கொடுத்த கோழிகள் நான்கும் சுகம். சேவல் மிகவும் சுகம். அதன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் பல தடவை கூப்பிட்டேன். தாங்கள் எடுத்தவுடனே, "சேவலு எப்புடி இருக்குது சம்பந்தி?" என்பீர்கள். என் வாய் என்னைக் கேட்காமலே, "ராஜா மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிடும். அதற்கு மேல், ராஜாவை வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்று எப்படிச் சொல்வது? மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பக்கத்தில் நிற்கும் பானுமதி தலையில் அடித்துக்கொள்வாள். பெண்ணைப் பெற்றவனுக்கு எழுத்துதான் வசதி. எதிரில் இருப்பவர் முகம் மாறுவது தெரியாது பாருங்கள்.

வளைகாப்பன்று தாங்கள் வேனிலிருந்து கூடையை இறக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "மருமவ நாட்டுக்கோழி முட்டைதான் சாப்புடணும், கடை முட்டையெல்லாம் வேணாம்" என்று சொல்லிக் கோழிகளை அவிழ்த்துவிட்டீர்கள். சீர் என்றால் தட்டு தட்டாக வந்து பார்த்திருக்கிறோம், தானே நடந்து உள்ளே வந்து பார்த்ததில்லை. எங்கள் உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரே வியப்பு. கடைசியில் அந்தச் சிவப்புச் சேவலை எடுத்து என் கையில் கொடுத்து, அத்தனை பேர் முன்னால், "இது முனியப்பருக்கு நேந்துவுட்டதுங்க. கோயிலு ஒங்களுக்குத்தான் கிட்ட, இங்கியே இருக்கட்டும். பேரன் பொறந்த ஒடனே நானே வந்து எடுத்தும்போயி செலுத்திடுவேன். அதுவரைக்கும் ஒரு எறகு கொறையக் கூடாது" என்றீர்கள். நானும் பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே அது என் புது வேட்டியில்... அதை விடுங்கள். வேட்டி வெளுத்துவிட்டது.

நான் செராமிக் பைப் கம்பெனியில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். பைப்பை ஒரு தட்டுத் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். வேண்டாம் என்று ஒதுக்கிய பெரிய பைப் ஒன்று எங்கள் கொல்லையில் கிடந்தது. மழை வராது, கீரி வராது, கோழிக்கு இதைவிட நல்ல வீடு ஏது என்று நினைத்து, உள்ளே வைக்கோல் போட்டு, ஒரு பக்க வாயைப் பலகையால் அடைத்தேன். வேலைக்குப் போன காலமெல்லாம் பைப்பின் சத்தத்தைக் கேட்டே சம்பளம் வாங்கியவன், ஒரு பக்கம் அடைத்த பைப்புக்குள் நின்று சேவல் கூவினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. திறந்த வாய் பக்கத்து வீட்டு சிவசங்கரி அம்மாவின் ஜன்னலுக்கு நேராக இருந்தது. முதல் நாள் விடியலில் அந்த அம்மா, ரயில் தண்டவாளத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துத் தெருவுக்கே ஓடி வந்துவிட்டார்கள். ஜங்ஷன் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், ரயில் சத்தம் பழக்கம்தான். இது பழகாத ரயில். நான் பைப்பைத் திருப்பி வைத்தேன், பின்வீட்டுக்காரர் வந்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன், சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து வேல்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடனே பழையபடி சிவசங்கரி அம்மா பக்கமே திருப்பிவிட்டேன். தங்கள் வாரிசின் தூக்கத்தை முன்னிட்டு எடுத்த முடிவு அது.

சிவசங்கரி அம்மா செராமிக் பொம்மை செய்து விற்கிறவர்கள். சூளையில் வைக்கும் முன் ஈரப் பொம்மைகளை வாசலில் பலகை போட்டுக் காயவைப்பார்கள். கோழிகள் நான்கும் சுவர் ஏறிக் குதித்து அந்தப் பலகை மேல் நடந்து போயிருக்கின்றன. நல்லூரில் களத்து மேட்டில் நடந்து பழகிய கால்கள், அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து, நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "இந்த புள்ளையாருக்கு தும்பிக்கை எங்க சார்?" என்றார்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தேன். "அதுக்கு எடத்துல ஒரு கோழிக் காலு இருக்குது பாருங்க. இத யாருக்கு விக்கிறது, எந்தக் கோயில்ல வெக்கிறது?" என்றார்கள். நான் எழுந்து நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

விஷயம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போயிற்று. சங்கத்துக்கு நான்தான் தலைவர், வளைகாப்பில் மைக்கிலேயே சொன்னார்கள். வருகிற புகாரைத் தலைவர் விசாரிக்க வேண்டும், புகாரோ தலைவர் மேல். கூட்டம் போட்டோம். நகருக்குள் கோழி வளர்க்க விதி என்ன என்று கேட்டார்கள். நான் முன்கூட்டியே விவரம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்து வைத்திருந்தேன். அவர் சொன்னது: "பண்ணை வெக்கிறதுன்னா அதுக்கு தனியா சட்டதிட்டம் இருக்குதுங்க. வூட்டுல நாலு கோழின்னா, அக்கம்பக்கத்துல யாரும் எதுவும் சொல்லாத வரைக்கும் ஒண்ணும் இல்ல. யாராவது சொல்லிட்டா எல்லாமே இருக்குது." இதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். அப்படியானால் நாமே விதி போட்டுக்கொள்வோம் என்று போட்டுவிட்டார்கள். கோழி அடைப்புக்குள் இருக்க வேண்டும், தெருவில் மேயக் கூடாது, எச்சத்தை அன்றன்றே அள்ள வேண்டும், சேவல் அறவே கூடாது. மற்ற விதிகளுக்குக் கை தூக்கினார்கள், சேவல் விதிக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டது நான். மீறுகிறவர் வீட்டுக்குத் தலைவரே நேரில் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே எனக்கு நானே நோட்டீஸ் எழுதி, என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். பானுமதி திறந்து என்னையும் நோட்டீஸையும் பார்த்தாள். "அவரு வூட்ல இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், தாங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும். சேவலைப் பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் தங்கை ராஜாம்பாள் வீட்டில் கொஞ்ச நாள் விட்டு வைக்கலாம் என்று பஸ் ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் சேவல் பதிலுக்குக் கூவியது. எது விசில், எது சேவல் என்று புரியாமல் டிரைவர் நிறுத்தமே இல்லாத இடங்களில் எல்லாம் நிறுத்தினார். அங்கே இறங்க வேண்டியவர்கள் சிலர் என்னை வாழ்த்திவிட்டுக்கூடப் போனார்கள், மற்றவர்கள் சொன்னதை எழுத முடியாது. ராஜாம்பாள் காபி கொடுத்தாள், சோறு போட்டாள், எல்லாம் ஆயிற்று. சேவல் நேர்ந்துவிட்டது என்று சொன்னதும் எழுந்துவிட்டாள். "சாமிக்கு வுட்டதாண்ணே? எங்க தெரு நாயி ஒரு கடி கடிச்சிட்டா முனியப்பருக்கு யாரு பதில் சொல்றது, ஒன் சம்பந்திக்கு யாரு பதில் சொல்றது? முனியப்பரு கூட பொறுத்துப்பாரு" என்று பையை என் கையிலேயே திணித்துவிட்டாள். அவள் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. பேனாவால் எழுதிவிட்டேன், அடித்தால் தங்களுக்கு அனுப்பும் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

சேவலோடு நான் தெருமுனையில் வந்து இறங்கினால், எதிரே சிவசங்கரி அம்மா நெற்றி நிறையத் திருநீறோடு வருகிறார்கள். என்னைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். "திரும்பியும் கொண்டாந்துட்டீங்களா? சங்கத்துல சொல்லிப் பாத்துட்டேன் சார். இப்ப சொல்ற எடத்துல சொல்லிட்டேன். மணவாளநல்லூரு கோயிலுக்கு போயி பிராது கட்டிட்டு வரேன்" என்றார்கள். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவது என்றால் என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறையைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால் அதற்கு மேல் விசாரணையும் தீர்ப்பும் சாமியுடையது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் காலாட்டிக்கொண்டு உட்காருகிற ஆட்கள்கூட நம் பக்கத்தில் இதற்கு நடுங்குவார்கள். என்னைப் பெற்றவர்கள் எனக்கு வைத்ததே அந்தச் சாமி பேர். அந்தச் சாமியிடமே என் மேல் பிராது. அதைக் கட்டியிருப்பதும் எந்த முனியப்பருக்குத் தாங்கள் சேவலை நேர்ந்தீர்களோ அதே முனியப்பர் சந்நிதியில். சேவலை வெளியே விட்டால் நேர்ந்ததற்குக் குற்றம், வீட்டில் வைத்திருந்தால் பிராதுக்குக் குற்றம். நிறைமாதமாக ஒரு பெண் வீட்டில் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே. பிராது என் மேல்தான், ஆனால் தீர்ப்பு என் பெண்ணின் மேல் வந்து விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம் சம்பந்தி. வேறு ஒன்றும் இல்லை. அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழ வேண்டும்.

அவள் என்னவோ சிரிக்கிறாள். நேற்றுக் கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டே, "பேரன் பொறந்தா இதுக்கு கழுத்து போயிடும். பேத்தி பொறந்தா என்னப்பா ஆவும்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தாங்கள் சபையில் பேரன் என்று சொன்னபோது எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவன் நான். இன்றுவரை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பேரன்தான், தாங்கள் சந்தேகமே பட வேண்டாம். வேறு மாதிரி ஆனால் என் பெண்ணை அங்கே யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற யோசனை எப்போதாவது வருகிறது, உடனே போய்விடுகிறது.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பிரசவத்துக்கு முன்பாகவே ஒரு நடை வந்து சேவலைக் கொண்டுபோய்விட வேண்டும். சீரைத் திருப்பி அனுப்பினான் என்று உறவில் பேச்சு வராமல் இருக்க, சும்மா பார்க்க வந்தேன், சேவலு என்னைப் பார்த்ததும் கூடவே கிளம்பிவிட்டது என்று தாங்களே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். கோழிகள் இருக்கட்டும், விதிப்படி அடைத்து வைத்துக்கொள்கிறேன். இதில் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் என் மேல் கோபித்துக்கொள்ளுங்கள், வேல்விழி மேல் வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசி. தங்கள் வயலுக்கு நல்ல தண்ணீரும் மாடுகளுக்கு நல்ல தீனியும் வீட்டுக்கு நல்ல சேதியும் குறைவில்லாமல் வரட்டும்.

தங்கள் சொல்லைத் தட்டாத,
கொளஞ்சிநாதன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போடச் செருப்பை மாட்டும்போது வேல்விழிக்கு வலி எடுத்துவிட்டது. ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. நான் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. சிவசங்கரி அம்மாதான் தன்னுடைய குட்டியானை லோடு வண்டியில் ஏற்றியிருந்த பொம்மைகளைச் சடசடவென்று கீழே இறக்கிவிட்டு, பொம்மைக்குப் போட்ட வைக்கோல் மேலேயே போர்வையை விரித்து, அவளைப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பிரசவ அறை வாசலில் நான் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பிராத வாபஸ் வாங்கிக்கம்மா, சேவல இப்பவே எங்கியாவது கொண்டும்போயி வுட்டுடறேன்" என்று அழுதேன். "ஒங்க பொண்ணு மேல யாரு சார் பிராது கட்டுனா? ரயிலு சத்தம் நிக்கணும்னுதான கட்டுனேன். அந்தக் கொழாய எடுத்து ஓரமாப் போடுங்க, போதும். சேவலுன்னா எல்லா ஊர்லயுந்தான் கூவுது" என்றார்கள். பைப்பை எடுத்துவிடலாம் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, சம்பந்தி.

தாயும் குழந்தையும் நலம். பெண் குழந்தை. மாப்பிள்ளை வந்து குழந்தையைக் கையில் வாங்கிச் சிரித்தார், அப்புறம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றார். இதோ, எழுதிச் சொல்லிவிட்டேன். கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

தாங்கள் நேர்ந்தது பேரனுக்கு, பிறந்திருப்பது பேத்தி. அதனால் முனியப்பர் இந்தச் சேவலைக் கேட்க மாட்டார். தாங்களும் கேட்கக் கூடாது, அடுத்ததுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைக்கவும் கூடாது. வரும்போதே ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என் பேத்தி. அவள் எழுந்து நடந்து அதைத் துரத்துகிற வரைக்கும் அது என் கொல்லையில்தான் இருக்கும். தலைவர் பதவியை விட்டுவிட்டேன், இனி நோட்டீஸ் வந்தால் வீட்டில் இருந்து வாங்கிக்கொள்கிறேன். சேவலைக் கொண்டுபோகச் சொல்லி மேலே கெஞ்சியிருப்பதை எல்லாம் தாங்களே அடித்துவிட்டுப் படிக்கவும். பேத்தியைப் பார்க்க என்றால் இன்றைக்கே கிளம்பி வாருங்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன். சேவலுக்காக என்றால் வர வேண்டாம்.