தாத்தா மீனின் ஆயுள்

காலையில் ஆய்வகக் கதவைத் திறந்தபோது தாத்தா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

தாத்தா ஒரு தங்கமீன். பேராசிரியர் மாணவராக இருந்த காலத்திலிருந்தே அந்தத் தொட்டியில்தான் வாசம். மீன்களின் நீண்ட ஆயுள் பற்றி அவர் எழுதித்தள்ளிய கட்டுரைகளுக்கெல்லாம் தாத்தாதான் ஆதாரம். முதுகலை மாணவியான அவளுக்கு இந்த விடுமுறையில் ஒரே வேலை, இரை போட்டுவிட்டுத் தாத்தாவைக் கவனிப்பது. ஒழுங்காகச் செய்தால் முனைவர் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். இப்போது கடிதமும் சேர்ந்து மல்லாந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். சட்டென்று காற்றுக்குழாயை முழு வேகத்தில் திருகினாள். தாத்தா சுழன்றார்.

"அடேயப்பா, இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு!" பேராசிரியர் பூரித்துப்போனார். "நாளைக்கே நாலு விஞ்ஞானிகளைக் கூப்பிடுறேன். நேர்ல பார்க்கட்டும்."

அவர் நகர்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உன் தொட்டியிலேர்ந்து ஒரு மீன் வேணும். ஆராய்ச்சிக்கு."

"எடுத்துக்கோ. எப்பத் திருப்பித் தருவே?"

"நான் டாக்டர் ஆனப்புறம்."

அக்கா வீட்டு மீன் அச்சு அசல் தாத்தாதான். தாத்தாவுக்கு வாலருகே இருந்த கரும்புள்ளி மட்டும் இல்லை. தண்ணீரில் அழியாத கண்மையால் ஒன்று வைத்து, தாத்தாவை எடுத்துவிட்டு அதைத் தொட்டியில் விட்டாள்.

மறுநாள் புள்ளி அப்படியே இருந்தது. கூடவே தொட்டியெங்கும் முட்டை.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "தாத்தா ஆணாச்சே!"

"வயசானா மாறுமோ என்னவோ, சார்," என்று உளறிவைத்தாள்.

"பலே! புதுக் கண்டுபிடிப்பும்மா! மத்தியானம் அவங்க வந்ததும் நீயே விளக்கிடு. மீனைக் கையில எடுத்தே பரிசோதிக்கட்டும்."

பரிசோதித்தால் மானம் கப்பலேறிவிடும். விழுந்தடித்துக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, ஆண் தங்கமீன் ஒண்ணு! வால்கிட்ட கரும்புள்ளி இருக்கணும். என் படிப்பே இதுலதான் இருக்கு!" சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நரைத்த தலைக் கடைக்காரர் பதறவே இல்லை. மூலையில் மூடியிருந்த துணியை விலக்கினார். தொட்டி நிறையத் தங்கமீன்கள், எல்லாவற்றுக்கும் வாலருகே கரும்புள்ளி.

"இதெல்லாம்...?"

"உங்க ஆய்வகத்துக்குன்னே வளர்க்கிறதும்மா. வருஷா வருஷம் யாராவது அழுதுக்கிட்டு வருவாங்க," என்றபடி கடைக்காரர் வலையை எடுத்தார். "முதமுதல்ல அழுதுக்கிட்டு வந்தது உங்க பேராசிரியர். அப்ப அவரும் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்துக்கிட்டிருந்த பிள்ளைதானே!"