போகாத இங்கிலாந்தில் செய்த குற்றம்

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. என் கடவுச்சீட்டை யாரும் திறந்து பார்க்கலாம். அந்த நாட்டு முத்திரை ஒன்றுகூட அதில் இல்லை. (மூன்று பேருக்கு ஏற்கெனவே திறந்து காட்டியாயிற்று.) இருந்தும், இங்கிலாந்துக்குப் போய், சொந்த அண்ணனின் கடை வாசலால் ஓடி, எட்டியும் பார்க்காமல் திரும்பி வந்தவள் என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் எனக்கு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ட்ரெட்மில்.

அப்போது மகன் மகிழனுக்கு எட்டு மாதம். இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி, நாங்கள் இருக்கும் விட்பியில் பெப்ரவரிப் பனி. வெளியே ஓடினால் வழுக்கி விழுவேன், விழுந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? ஓடாமல் இருந்தால் முதுகு வலி, முதுகு போனால் பிள்ளையை யார் தூக்குவது? இப்படி நான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் களைத்த என் கணவர் சுதன், பேஸ்மென்ற்றில் ஒரு ட்ரெட்மில்லைக் கொண்டுவந்து இறக்கினார். சாதாரண மெசின் அல்ல. முன்னால் ஒரு திரை. யாரோ உடம்பில் கமராவைக் கட்டிக்கொண்டு ஓடிப் படம்பிடித்த உண்மையான பாதைகள் அதில் வரும். படத்தில் பாதை ஏறினால் மெசினும் முன்பக்கம் நிமிரும்.

முதல்நாளே அதன் செயலி பத்துப் பதினைந்து அனுமதிகள் கேட்டது. அத்தனையையும் வாசித்தேன். ஒன்றுக்கு மறுத்தால் மற்றது வேலை செய்யாமல் போய்விடுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். (படிச்ச பிள்ளையாம்!) நான் ஓடும் பாதையை ஊருக்கெல்லாம் வரைந்து காட்டவும் அதில் ஒரு சம்மதம் இருந்தது.

நான் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்து மலைக்கிராமப் பாதை. பச்சையாக இருந்தது, பனிக்குள் அடைபட்டவளுக்கு அது போதும். ஆனால் அந்த நாட்டில் பாதை போட்டவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மலையைச் சுற்றிப் போகலாம் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? நெட்டுக்கு ஏறுகிறார்கள். உயிர் போய் உச்சிக்கு வந்தால், அங்கே ஒரு செம்மறி ஆடு நின்று இரக்கமே இல்லாமல் பார்க்கிறது. பிறகு இறக்கம். பிறகு அதைவிடப் பெரிய ஏற்றம்.

உண்மையில் நான் அந்த ஆட்டைத் தவிர வேறொன்றையும் சரியாகப் பார்த்ததில்லை. கைப்பிடியில் பேபி மொனிற்றரைக் கட்டியிருந்தேன். மேலே தூங்கும் மகிழனின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே நானும் ஏறி இறங்கினேன். வேறு பாதை தெரிவு செய்வதென்றால் அதற்கும் யோசிக்கவேண்டும். ஆகவே தினமும் அதே பாதை. பதினான்கு நாள்.

பதினான்காம் நாள், ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அரைமணித் தூர ஸ்காபரோவிலிருந்து அம்மா. பனியைச் சாட்டி இரண்டு கிழமையாக எங்கள் பக்கமே வராதவர், டாக்ஸியில் வந்து இறங்கியிருந்தார். அம்மா டாக்ஸி பிடிப்பது உயிர் போகிற அலுவலுக்கு மட்டும்தான்.

"பிள்ளை எங்க?"

"மேலை நித்திரை அம்மா. ஏன்?"

"ஆரிட்டை விட்டிட்டுப் போனனீ?"

"எங்க போனனான்?"

"எனக்கு ஒளிக்காதை. இங்கிலாந்துக்கு."

"அம்மா, நான் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்!"

"இப்ப நிக்கிறாய். நேற்று எங்க நிண்டனி?"

மெல்ல மெல்லத்தான் வழக்கு விளங்கியது. அண்ணன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் பெற்றோல் செட்டும் அதோடு ஒரு சின்னக் கடையும் வைத்திருக்கிறார். (ஏதோ ஒரு கிராமம் என்று நான் சொல்வதே என்மீதான இரண்டாவது குற்றச்சாட்டு.) அவருடைய மகள் துர்க்காவும் என்னைப்போல் அதே செயலியில் ஓடுகிறவள். என் பாதை வரைபடத்தைக் கண்டு, "மாமி எங்கட கடையாலை ஓடியிருக்கிறா" என்று தாயிடம் காட்டியிருக்கிறாள். ஒரு நாள் அல்ல, பதினான்கு நாள். அண்ணி எனக்கு இரண்டு தரம் போன் எடுத்திருக்கிறார். பிள்ளை தூங்கும் நேரத்தில் போனை நிறுத்திவைப்பவள் நான். உடனே அண்ணி அம்மாவை அழைத்துக் கேட்டிருக்கிறார்:

"கடலைக் கடந்து வந்தவளுக்கு றோட்டைக் கடக்க ஏலாமப் போச்சோ?"

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மகிழனுக்கு முதல் பல் முளைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அதற்கான சடங்கு, பல்லுக்கொழுக்கட்டை. எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை சொரியவேண்டியவர் தாய்மாமனின் மனைவியான மாமி. அதற்காகவே அண்ணனும் அண்ணியும் விமானச் சீட்டு எடுத்திருந்தார்கள். ஆறு வருடமாக நான் அண்ணனை நேரில் பார்க்கவில்லை. இப்போது அண்ணி, "எங்கட வாசல் தெரியாதவையின்ர வாசல் எங்களுக்கும் தெரியாது, நாங்கள் வரேல்லை" என்று சொல்லிவிட்டாராம்.

வீடியோவில் அண்ணியை அழைத்தேன். மெசினை விளக்கினேன். அண்ணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ நிண்ட இடத்திலை நிண்டு பத்துக் கிலோமீற்றர் ஓடினனி?"

"ஓம் அண்ணி."

"ரெண்டு கிழமையா?"

"ஓம்."

"எங்கையும் போகேல்லை?"

(அப்படிக் கேட்டால் எனக்கே நம்பிக்கை குறைகிறது.)

ஆகவே ஓடிக் காட்டினேன். என் குற்றமின்மையை நிரூபிக்க, ஏற்கெனவே பத்துக் கிலோமீற்றர் ஓடிய கால்களோடு, என் சொந்த வீட்டில், மறுபடியும்! அம்மா ஒரு கையால் போனைப் பிடித்திருந்தார், மறுகையால் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார், விழாமல் இருக்க. முதல் ஏற்றம் வந்தது. ஆடு வந்தது. போனுக்குள் அண்ணியின் குரல் மாறத் தொடங்கியது.

"உது எங்கட சேர்ச்... அந்தா வளைவு... ஐயோ, உது எங்கட கடை!" பிறகு பெரிய கூச்சல். "நில்லு, நில்லு! அங்க பார், உன்ர கொண்ணை!"

முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தேன். கடை வாசலில், பால் கூடை ஒன்றை இடுப்பில் அணைத்தபடி, முன்தலை வழுக்கையாகி, என் அண்ணன். நேரே என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை!" என்று கத்தி நின்றேன். நான்தான் நின்றேன். மெசின் நிற்கவில்லை. அது என்னைப் பின்னால் கொண்டுபோய்த் துவைத்த உடுப்புக் கூடைக்குள் கொட்டியது. அம்மாவின் கையில் என் சட்டையின் ஒரு துண்டு மிஞ்சியது. திரையில் இங்கிலாந்து நான் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. மேலே மகிழன் எழுந்து அழுதான். போனுக்குள் அண்ணி மூச்சுவிட முடியாமல் சிரித்தார். துர்க்கா அதைப் பதிவுசெய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையிலிருந்து அண்ணனும் போனுக்கு வந்தார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆரோ ஒருத்தன் கமராவோடை ஓடினவன். வாசலாலை போறவனுக்குக் கை காட்டத்தானே வேணும்?"

எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நான் இங்கிலாந்துக்குப் போகவில்லை. அது பொய்ப் பழி. ஆனால் பதினான்கு நாள் அண்ணன் கையசைத்திருக்கிறார், பதினான்கு நாளும் நான் பார்க்காமல் ஓடியிருக்கிறேன். இதை எந்தக் கடவுச்சீட்டைக் காட்டி மறுப்பது?

அவர்கள் வந்தார்கள். அண்ணி கொழுக்கட்டை சொரிந்தார். பிள்ளை எதை எடுக்கிறான் என்று பார்க்கப் பேனை, புத்தகம், சங்கிலி எல்லாம் பரப்பியிருந்தோம். அவற்றோடு அண்ணி என் ஓட்டச் சப்பாத்து ஒன்றையும் கழுவி வைத்திருந்தார். மகிழன் அதைத்தான் தூக்கினான்.

இப்போது அவனுக்கு நாலு வயது. நான் பேஸ்மென்ற்றுக்கு இறங்கும்போதெல்லாம் சுதன் மேலேயிருந்து கேட்பார்: "உம்மட அண்ணை வீட்டையோ? வரேக்கை ஒரு பால் வாங்கிக்கொண்டு வாரும்."

நான் மெசினில் ஏறிவிடுவேன். முதல் ஏற்றம் முடிந்து, சேர்ச் தாண்டி, அந்த வளைவு வந்ததும், ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையை உயர்த்திக் காட்டிவிடுகிறேன். காட்டாமல் விட்டால் அம்மா மறுபடியும் டாக்ஸி பிடித்துவிடுவார்.